கலங்கலில் ஒரு கலிபோர்னியா

ஃப்ரீஸ்டைல் பிஎம்எக்ஸின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் கலிபோர்னியாவில் ஏறிக் கலிபோர்னியாவிலேயே இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் கதை இதுதான். 1970-ஐ ஒட்டித் தெற்குக் கலிபோர்னியாப் பிள்ளைகளுக்கு மோட்டோகிராஸ் பைத்தியம் பிடித்தது. பொடியன்களுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தர எந்த அப்பனுக்கும் மனசு வரவில்லை. ஆகவே இருந்த சின்ன சைக்கிளை மண்மேட்டில் ஏற்றிப் பறக்கவிட்டு, மோட்டார் சத்தத்தை வாயால் கொடுத்துக்கொண்டார்கள். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' என்ற மோட்டார் சைக்கிள் டாகுமெண்டரியின் தொடக்கத்திலேயே இந்தப் பொடியன்கள் வருகிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகளெல்லாம் மண்மேடு தேடிக் கிளம்பினார்கள். அப்புறம் பாப் ஹாரோ என்று ஒருவர். படம் வரைகிறவர், ரேஸ் சைக்கிள்களுக்கு நம்பர் பிளேட் வரைந்து கொடுத்தவர். ரேஸ் இல்லாத நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல் காலி பார்க்கிங் இடங்களில் சைக்கிளை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தித் திருப்பிச் சுழற்றினார். 1982-ல் இந்த வேலைக்கென்றே ஒரு சைக்கிளை 'ஃப்ரீஸ்டைலர்' என்ற பெயரில் விற்கவும் ஆரம்பித்தார். முடிந்தது வரலாறு.

இந்த வரலாற்றாசிரியர்களில் ஒருத்தராவது விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி ஒரு டீ குடித்திருந்தால் பாதிப் புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டி வந்திருக்கும்.

வாயால் மோட்டார் சத்தம் கொடுப்பதுதான் தகுதி என்றால், அந்தத் தகுதி எங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. பனைமரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். நுங்கு தின்று முடித்த காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக 'டுர்ர்ர்' என்று ஓடாத பிள்ளை எங்கள் தலைமுறையில் கிடையாது. கியர் மாற்றும் சத்தம், பிரேக் கிறீச்சிடும் சத்தம், தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கண்டக்டர் கொடுக்கும் விசில், எல்லாமே வாயில்தான். அமெரிக்கப் பையன்களுக்குச் சைக்கிளாவது இருந்தது. நாங்கள் அதையும் வாயாலேயே ஓட்டினோம்.

நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. விழுப்புரம் இன்னும் தென்னார்க்காட்டுக்குள்தான் கிடந்தது. தனி மாவட்டமாக 1993 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது வண்டி மாறும் ஊர். மெட்ராஸ், திருச்சி, மாயவரம், காட்பாடி, பாண்டிச்சேரி என்று எந்தப் பக்கம் போகிறவரும் எங்கள் ஊரில் இறங்கி, அடுத்த வண்டி எப்போது என்று கேட்டுவிட்டுப் போவார். ஊரைப் பற்றி அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. அதாவது அப்பாவுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ். கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், டைனமோ, செயினை முழுசாக மூடிய கவர், இலை போட்டுச் சாப்பிடலாம் போல அகலமான கேரியர், பின்னால் இரண்டு கால் ஊன்றி நிற்கும் ஸ்டாண்டு. அப்பா அதை ஓட்டினார் என்பதைவிட ஊர்வலம் அழைத்துப் போனார் என்று சொல்லலாம். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. அன்றைக்கு எங்களுக்குப் பொரிகடலை. வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பது அன்றைக்குத் தெளிவாகத் தெரியும்.

அப்பாவின் சைக்கிள் சாஸ்திரத்தில் தலையாய விதி ஸ்டாண்டு. எங்கே இறங்கினாலும் ஸ்டாண்டு போட வேண்டும். சுவரில் சாய்ப்பது சோம்பேறித்தனம், தரையில் கிடத்துவது மகாபாவம். "சைக்கிளைக் கீழ போட்டவன் குடும்பத்தையும் கீழ போட்டுடுவான்" என்பார். எந்த நூலில் வருகிறது என்று கேட்க முடியாது.

இந்த யானையைத்தான் நாங்கள் பழக வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, பாரில் உட்கார்ந்தால் மானம் போகும். ஆகவே குரங்கு பெடல். இடது கால் இடது பெடலில். வலது காலைப் பாருக்கு அடியில் முக்கோணத்துக்குள் நுழைத்து வலது பெடலில். இடது கை ஹேண்டில்பாரில். வலது கை சீட்டைக் கட்டிப்பிடித்தபடி. உடம்பு முழுக்க ஒரு பக்கம் தொங்க, சைக்கிள் மறு பக்கம் சாய, முழுச் சுற்று மிதிக்க முடியாமல் அரை மிதி அரை மிதியாகக் கடைத்தெருவைக் கடக்க வேண்டும். இதே வித்தையை ஒரு கலிபோர்னியாக்காரன் செய்திருந்தால் அதற்கு ஒரு பெயர் சூட்டி, ஸ்டிக்கர் அடித்து, தொப்பி விற்றிருப்பான். நாங்கள் ரேஷன் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தோம். 2024-ல் கமலக்கண்ணன் இயக்கத்தில் 'குரங்கு பெடல்' என்றே ஒரு சினிமா வந்துவிட்டது. கலைக்கு அங்கீகாரம் வந்து சேர்வதற்குள் கலைஞர்களுக்கு மூட்டுவலி வந்துவிட்டது.

சுதந்திரம் வேண்டுமென்றால் வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கில் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் இருக்கும். மட்கார்டில் கடைப் பெயர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும், ஓடிப்போனால் ஊர் முழுக்கத் தெரியும்படி. எல்லாச் சைக்கிளுக்கும் ஏதோ ஓர் அங்கம் குறைந்திருக்கும். பெல் இருந்தால் பிரேக் இருக்காது. பிரேக் இருந்தால் பெடலில் கட்டை இருக்காது, நடுவில் இரும்புத் தண்டு மட்டும் இருக்கும். பின்னாளில் பிஎம்எக்ஸ் படங்களில் பிரேக்கே இல்லாமல் ஓட்டுவதைப் பெரிய துணிச்சலாகக் காட்டியபோது எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வந்தது.

பிஎம்எக்ஸ் என்ற சமாச்சாரமே எங்களுக்கு டெக் வழியாக வந்தது. கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்றால் டி.வி.யும் டெக்கும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கூடவே மூன்று கேசட். ஒன்று ரஜினி, ஒன்று சாமி படம். மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தெருவில் அதிகம் படித்தவருக்கு. அவர் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' எடுத்து வந்தார். 1982-ல் வந்த படம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது விடியற்காலை மூன்று மணி. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், முழித்திருந்த பெரியவர்கள் அந்தக் குட்டிப் பிராணியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றார்கள். நாங்கள் பிராணியைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைப் பார்த்தோம். போலீஸ் துரத்த, ஐந்து பையன்கள் குட்டைச் சைக்கிள்களில் சரிவுகளில் பாய்ந்து, மேட்டில் எகிறி, வளைவில் காலை ஊன்றித் திரும்பி ஓட்டிய ஓட்டம்! அதெல்லாம் ஜப்பானில் ஒசாகாவின் குவஹாரா கம்பெனிச் சைக்கிள்கள் என்பதும், டூப் போட்டு ஓட்டியவர்களில் பாப் ஹாரோவே ஒருவர் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து பார்த்தோம். டெக்கோடு காவலுக்கு வந்த ஆள் எழுந்து, "ஹெட்டு போயிடும்டா, யாரு பதில் சொல்றது?" என்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆலோசனைக் கூட்டம். படத்தில் கடைசியில் சைக்கிள் ஆகாயத்தில் பறப்பது பிராணியின் சக்தியால் என்று ஒரு கட்சி. இல்லை, மட்கார்டைக் கழற்றியதால்தான் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பிராணிக்கு எங்கே போவது? ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

இந்தச் சமயத்தில் ஊரில் ஓர் அரிசி மில்காரர் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து நிஜமான குட்டைச் சைக்கிள் ஒன்று வந்து இறங்கியது. 20 அங்குலச் சக்கரம், முண்டு முண்டான டயர், பாரிலும் ஹேண்டிலிலும் மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் மெத்தை. மில்லின் களத்தில் நெல் காயாத நாட்களில் அந்தப் பையன் அதில் வட்டமடிப்பான். பக்கத்தில் ஒரு வேலைக்காரர் ஓடிக்கொண்டே இருப்பார், பையன் விழுந்தால் பிடிக்க அல்ல, சைக்கிள் விழுந்தால் பிடிக்க. கையெழுத்து நன்றாக இருப்பவர்களுக்கு ஹோம்வொர்க் எழுதிக் கொடுத்தால் ஒரு ரவுண்டு தருவான். அந்த ஆண்டு அவனுடைய சமூக அறிவியல் நோட்டில் நாலைந்து பேர் கையெழுத்து இருந்தது. ஆசிரியருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. அவருக்கும் மில்லிலிருந்து அரிசி போயிருக்கலாம், நமக்கெதற்கு.

ஹோம்வொர்க் எழுத முடியாதவர்கள் அப்பா சைக்கிளை பிஎம்எக்ஸ் ஆக்குவதில் இறங்கினோம். மட்கார்டு கழன்றது. செயின் கவர் கழன்றது. கேரியர் கழன்றது, அதில் கட்டியிருந்த அப்பாவின் டிபன் பை ஆணியில் போய்த் தொங்கியது. கடைசியாக ஸ்டாண்டு. ஃப்ரீஸ்டைலுக்குச் சக்கரத்தின் அச்சில் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்க உருளைக் குழாய் வேண்டும், அவர்கள் பெக் என்கிறார்கள். ஒரு வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. பைப் துண்டு இரண்டு கேட்டேன். "சும்மாவா?" என்றார் பட்டறைக்காரர். ஸ்டாண்டைக் கொடுத்தேன். பண்டமாற்று முறை எங்கள் வட்டாரத்தில் அப்போதும் உயிரோடு இருந்தது.

அப்பா அந்த ஸ்டாண்டைத் தேடினார். மாதக்கணக்கில் தேடினார். கட்டிலுக்கு அடியில், பரணில், எருமை கட்டும் கொட்டகையில். வேறு எது காணாமல் போனதையும் அவர் ஏற்றுக்கொண்டார், மட்கார்டு வெள்ளையடிக்கக் கழற்றியது என்ற கதையைக்கூட நம்பினார். இரண்டு கால் உள்ள பொருள் தானாக எங்காவது போயிருக்குமோ என்று அம்மா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

இப்போது வித்தைகள். எண்டோ என்று ஒன்று உண்டு: முன் பிரேக்கை அழுத்திப் பின் சக்கரத்தைத் தூக்கி, முன் சக்கரத்தில் நிற்பது. ராடு பிரேக்கில் இது ஆகாது. எங்கள் பிரேக்கைப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் பிடித்தால் வண்டி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நிற்கும். ஆகவே சாக்கடைக் கல்லில் முன் சக்கரத்தை மோதினோம். பின் சக்கரம் நிஜமாகவே எழுந்தது, கூடவே நாங்களும் எழுந்தோம், இறங்கியது மட்டும் தனித்தனியாக. அப்புறம் பன்னி ஹாப், சைக்கிளோடு எகிறிக் குதிப்பது. அவர்களுடையது பத்துப் பன்னிரண்டு கிலோ, முட்டுக்குள் அடங்கும் உயரம். அப்பாவுடையது 20 கிலோவுக்குக் குறையாது. நாம் குதிப்போம், அது குதிக்காது. வீலிங் மட்டும் ஓரளவு வந்தது, அதுவும் பின்னால் இரண்டு பேர் தொங்கினால்.

உண்மையான வில்லன் காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் சுண்டுவிரல் நீள இரும்பு ஆணி அது. மேட்டிலிருந்து குதித்து இரண்டு காலையும் பெடலில் ஊன்றி இறங்கினால் முதலில் உயிரை விடுவது அதுதான். அதன்பின் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் 'லொடக்' என்று ஒரு தடவை சொல்லும், தெரு முழுக்கக் கேட்கும்படி. நவீன பிஎம்எக்ஸில் காட்டர் பின்னே கிடையாது. கலிபோர்னியாவின் வெற்றி ரகசியம் என்று எதையெதையோ எழுதுகிறார்கள், இதை எழுதுவதில்லை.

சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனால் அவர் சக்கரத்தைக் கவிழ்த்துச் சுற்றிவிட்டு, அது இடமும் வலமும் ஆடுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்ப்பார். "எந்தத் திருவிழால கரகம் ஆடுச்சு இது?" என்பார். பிறகு ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் திருகிக் கோட்டம் எடுப்பார். கணக்கு அப்பா பெயரில் ஏறும். முழங்காலுக்கு அம்மா மஞ்சள் பத்து போடுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போடும் நர்ஸம்மாவுக்கு எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

திண்டிவனத்தில் மாமா வீடு. மாமா மகன் எனக்கு மச்சான் முறை. கிடங்கல் பக்கம் குடியிருந்தார்கள். ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்று சிறுபாணாற்றுப்படை பாடும் அதே ஊர். யாழ் வாசித்துக்கொண்டு வந்த பாணனுக்குத் தேரே கொடுத்து அனுப்பிய வள்ளல் அவன். மச்சான் இதை அடிக்கடி சொல்லிக்காட்டுவான்.

"எங்க ஊரு ராஜா பாட்டுக்கே தேர் குடுத்தவரு. உங்க ஊர்ல யாரு இன்னா குடுத்தாங்க?"

"ரயில் குடுத்தாங்க. உங்க ஊர்ல நிக்காம போற ரயிலு."

இப்படி ஆரம்பித்ததுதான் இரண்டு ஊருக்குமான போட்டி. கோடை விடுமுறையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளிலேயே திண்டிவனம் போவேன், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு வழிச்சாலையும் சுங்கச்சாவடியும் அப்போது இல்லை, இரண்டு பக்கமும் புளியமரம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் மிதிக்கவே வேண்டாம், மறு கையால் கரும்பு உருவிக்கொள்ளலாம். ஆலை தாண்டியதும் அந்த வசதி போய்விடும். அதன்பின் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று சொந்தக் காலில். இதைத்தான் இப்போது எண்டியூரன்ஸ் ரைடு என்று சொல்லி ஜட்டி வைத்துத் தைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

போட்டி நடந்த இடம் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஒன்று. இங்கே ஒரு வரலாற்று ஒற்றுமையைக் குறிப்பிட்டாக வேண்டும். 1976-77-ல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. ஸ்கேட்போர்டுப் பையன்கள் சுவரேறிக் குதித்து அந்த வளைந்த சிமெண்டுச் சரிவுகளில் ஏறி இறங்கி விளையாடினார்கள். பின்னால் சைக்கிள்காரர்களும் இறங்கினார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் பார்க்கும் அத்தனை சாய்தளங்களுக்கும் அந்தக் காலிக் குளங்களோடு உறவு உண்டு. ஒரு தடவை வறட்சி வந்ததற்கே இவ்வளவு! எங்களுக்கு வருஷா வருஷம் வறட்சி. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும் ஏரி பங்குனி சித்திரையில் வெறும் மைதானம். அதன் கரையில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகப் பழங்காலத்தில் கட்டி, பின்னால் பொதுப்பணித்துறை சிமெண்டு பூசிய கட்டுமானம். அதன் வெளிப்பக்கச் சரிவைப் பார்த்தால் பாப் ஹாரோ கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். அனுமதி வாங்க வேண்டாம், சுவரேற வேண்டாம், போலீஸ் வராது. ஆடுகள் மட்டும் வரும்.

பரிசு ஒரு தர்பூசணி. திண்டிவனத்தில் வேறெதுவும் பரிசாக வைக்க முடியாது, சித்திரை மாசம் ரோட்டோரம் முழுக்க அதுதான் குவிந்து கிடக்கும். நடுவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். விதிகளை விளக்கினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, இதை எதுக்குச் செய்யறீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை சர்வதேச அமைப்புகள் எதுவும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

முதலில் மச்சான். சரிவின் உச்சியிலிருந்து கிளம்பினான், பாதியில் இரண்டு காலையும் தூக்கிப் பின் அச்சுப் பெக்கில் வைத்து எழுந்து நின்றான், கையை விட்டான். இது வரைக்கும் அருமை. சரிவு முடியும் இடத்தில் அவன் ஒரு திசையிலும் சைக்கிள் ஒரு திசையிலும் போவதென்று முடிவாயிற்று. சைக்கிள் தன்னந்தனியாக ஏரியைக் கடந்து, அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களின் பிட்சில் ஸ்டம்பைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பேட்ஸ்மேன் அவுட்டா இல்லையா என்பதில் அவர்களுக்குள் தகராறு. பந்து வீசியவன் அதைத் தன் விக்கெட் என்று கடைசிவரை சாதித்தான்.

அடுத்து நான். குரங்கு பெடலிலேயே கலங்கல் சரிவில் இறங்கினேன். உலக ஃப்ரீஸ்டைல் வரலாற்றில் அதை வேறு யாரும் செய்ததாகப் பதிவில்லை. கீழே வந்து சேர்ந்தேன், சைக்கிளும் என்னோடுதான் வந்தது. நடுவர் பக்கம் திரும்பினால் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரை மேல் போய்க்கொண்டிருந்தார். தர்பூசணி இருந்த இடத்தில் தோல் மட்டும் கிடந்தது. ஆடுகள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டன.

இதற்கு நடுவில்தான் விழுப்புரத்தில் ஒரு மைதானத்தில் நான்-ஸ்டாப் சைக்கிள் போட்டார்கள். இந்த அத்தியாயம் இல்லாத ஃப்ரீஸ்டைல் வரலாற்றை நான் வரலாறாகவே மதிப்பதில்லை.

நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் டியூப் லைட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும். சுற்றிலும் கயிறு கட்டிய வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒருத்தர் ஏழு நாள் இரவும் பகலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டுவார். சாப்பாடு சைக்கிளில், பல் விளக்குவது சைக்கிளில், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிப்பது சைக்கிளில், ஈர லுங்கியை மாற்றுவதும் சைக்கிளில், பெண்கள் கூட்டத்துக்கு முன்னால், ஒரு துளி மானம் போகாமல். மாலையானால் வித்தைகள். ஓட்டிக்கொண்டே குனிந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் எடுப்பார். ஹேண்டில்பாரில் உட்கார்ந்து பின்னோக்கி ஓட்டுவார். சீட்டில் படுப்பார். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஒரு வட்டம் போவார், வீலிங் என்று நாங்கள் அதுவரை செய்து வந்ததெல்லாம் வெட்கப்படும்படி. இடையிடையே மார்பில் டியூப் லைட் உடைப்பது, ரெக்கார்டு டான்ஸ். மைக்கில் ஒருவர் விடாமல் பேசுவார்: மளிகைக் கடைக்காரர் அன்பளிப்பு அஞ்சு ரூபாய், முடிதிருத்தும் நிலையத்தார் ஒரு பனியன், பெயர் சொல்ல விரும்பாத அன்பர் ஒரு சேவல். அந்தச் சேவலையும் அங்கேயே ஏலம் விடுவார்கள். பாப் ஹாரோவுக்கும் ஸ்பான்ஸர்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் சேவல் கொடுத்ததில்லை.

செய்தி கேட்டு மச்சான் பஸ் பிடித்து வந்துவிட்டான். எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம், ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்த அதே சந்தேகம்: ராத்திரி யாரும் இல்லாதபோது இறங்கிவிடுகிறாரா? முக்கியமாக, வெளிக்குப் போவது எப்படி? இதை ஆராயக் கயிற்றுக்கு வெளியே சாக்கு விரித்துக் காவல் இருந்தோம். மைக்காரர் பேசிக் களைத்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பாட்டு நின்றுவிட்டது. டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளும் அவரும் மட்டும். அவருடைய சைக்கிளைக் கிட்டத்தில் பார்த்தோம். அதே 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள், எங்கள் அப்பாவுடையதுபோல. மட்கார்டு இல்லை. செயின் கவர் இல்லை. ஸ்டாண்டு இல்லை.

எங்கள் முன்னால் வந்தபோது வேகம் குறைத்து, "தம்பிங்களா, டீக்கடை தொறந்திருந்தா ஒண்ணு வாங்கியாங்க. சக்கரை கம்மி" என்றார். ஜங்ஷன் வாசலில் விடிய விடியக் கடை உண்டு. ஓடிப்போய் வாங்கி வந்தோம். ஓடிக்கொண்டே நீட்டினோம், ஓட்டிக்கொண்டே வாங்கிக் குடித்தார். அந்தச் சந்தேகத்தை மச்சான் கேட்டேவிட்டான். அவர் ஒரு வட்டம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்து, "பரீட்சை எழுதும்போது மூணு மணி நேரம் நீ அடக்கல? அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணி நேரத்துக்கும் ஏழு நாளுக்கும் உள்ள கணக்கு இடித்தது, ஆனால் காலி கிளாஸ் எங்கள் கையில் இருந்தது, அவர் அதற்குள் எதிர்ப்பக்கம் போயிருந்தார்.

மறுநாள் அப்பாவிடம் ஓடினேன். இவ்வளவு பெரிய கலைஞர், அவர் சைக்கிளிலும் ஸ்டாண்டு கிடையாது, பார்த்தீர்களா என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்கவில்லை.

"அவன் எறங்கவே போறதில்ல. அவனுக்கு எதுக்குடா ஸ்டாண்டு?"

அந்த வாதத்துக்கு எதிர்வாதம் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எல்லாப் பேரரசும் போலவே எங்களுடையதும் பெட்ரோலால் அழிந்தது. மாமா ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார், மச்சான் கட்சி மாறினான். கேபிள் டி.வி. வந்து, 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ் கேம்ஸ் வீட்டுக்குள்ளேயே தெரிய ஆரம்பித்தது. 2000-ல் டேவ் மிர்ரா சைக்கிளோடு காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாருக்கு முன்னால் "பாருங்க பாருங்க" என்று கத்தியதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், நல்லவேளையாகச் சாதகமாக.

டோக்கியோவில் ஃப்ரீஸ்டைல் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஆண்களில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியர் லோகன் மார்ட்டின் பயிற்சிக்காகத் தன் வீட்டுக் கொல்லையிலேயே சாய்தளங்கள் கட்டியவர். கொல்லையில் எருமைக் கொட்டகை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். பெண்களில் பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றில் விழுந்து, இரண்டாவது சுற்றில் எழுந்து வந்து வென்றார். 2024-ல் பாரிஸ். இறுதிப்போட்டி நமக்குச் சாயங்காலம் வந்தது. மச்சான் திண்டிவனத்திலிருந்து போனில், நான் விழுப்புரத்தில் டி.வி. முன்னால், இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டு.

"எவ்வளவு நேரம்டா ஓட்டணும்?" என்றான்.

"அறுபது செகண்டு."

"நாளா?"

"செகண்டு."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம ஆளுக்கு வாய் கொப்பளிக்கவே அந்த நேரம் பத்தாதே" என்றான். தரையிலேயே நின்று சைக்கிளைச் சுழற்றும் ஃப்ளாட்லேண்ட் வகை, அதாவது கயிற்று வட்டத்துக்குள் எங்கள் ஆள் செய்த வகை, இன்னும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்படவில்லை என்று சொன்னேன். அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அர்ஜென்டினாவின் ஹோசே டோரஸ் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கம்.

அப்பா பின்னால் ஈஸிசேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் திரும்பியதும் சுழன்றதும் அவரை அசைக்கவில்லை. போட்டியாளர்களில் ஒருவர் ஓட்டி முடித்ததும் சைக்கிளை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கியபோதுதான் நிமிர்ந்தார்.

"ஸ்டாண்டு எங்க?"

"அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கெடையாதுப்பா."

"யாரு கழட்டினது?"

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். அம்மா முறுக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரையை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் புள்ளையோட அப்பா பாவம், இந்நேரம் பரண்ல ஏறித் தேடிட்டு இருப்பாரு" என்றாள்.